நேர் ரோட்டில் அலைந்த ஜீப்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
5 செப்டெம்பர் 2024

அன்புள்ள மருமகன் மதுசன் அவர்களுக்கு,

நாங்கள் இங்கு சுகம். நீங்களும் மகள் நிரோஜினியும் பதுளைக் குளிரில் இருமல் தடிமன் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமிக்கு வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால் குசினி இப்போது என் பொறுப்பில். நேற்று நான் வைத்த சொதியைப் பூனை மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இழுவைப் படகின் இயந்திர அறையில் வேலை செய்து போன காது இனித் திரும்பாது. நான் தொலைபேசியில் கதைத்தால் ஜெற்றி வரைக்கும் கேட்கும். கைபேசியில் எழுதி அனுப்பவோ என் கண்ணுக்கும் விரலுக்கும் ஏலாது. இந்த விஷயம் ஊருக்குக் கேட்க வேண்டியதும் இல்லை.

வெருகல் திருவிழாவுக்குப் போன அன்று நடந்ததை நினைத்து மனம் உடைய வேண்டாம். கலியாணம் முடிந்து வருகிற முதல் வெருகல் திருவிழாவுக்கு மாப்பிள்ளைதான் குடும்பத்தைக் கூட்டிப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் ஜீப் சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துத் தந்தேன். கிளிவெட்டி தாண்டி, நேர் ரோட்டில், ஜீப் அங்குமிங்கும் அலைந்து வாய்க்காலுக்குள் இறங்கியது உங்கள் பிழையா? மகள் பின்னுக்கு என் தோளில் நித்திரை. எனக்குக் காதும் கேளாது, முன்னுக்கு இருந்த உங்களையும் மாமியையும் தாண்டி ஒன்றும் தெரியவும் இல்லை. எதிரே ஒரு லொறி வந்தது, பிறகு வயல் வந்தது. அவ்வளவுதான் கண்டேன்.

கேட்கிற எல்லாருக்கும் வண்டியில்தான் பிழை என்று சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் மோட்டார் இயந்திரவியல் படிப்பிக்கிறவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எவன் சொல்லுவான்? நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
தவராசா


பதுளை.
15 செப்டெம்பர் 2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமியின் கை எப்படி? விரல்களை அசைக்கிறாவா? நோவுக்கு மருந்து தந்தார்களா? நிரோஜினி சுகம். நானும் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்தவன் நான்தானே.

ஜீப்பைப் பற்றி நிறைய யோசித்தேன். இது அமைப்பிலேயே உள்ள பிழை. காட்டுக்கும் சேற்றுக்கும் என்று செய்த வண்டியில் முன் இரண்டு சில்லுகளையும் ஒரே தண்டில் பூட்டியிருப்பார்கள். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் திசை மாறும். ஸ்ரியரிங் பெட்டிக்குள்ளும் நடுவில் கொஞ்சம் இளக்கம் விட்டிருப்பார்கள், கல்லில் அடிபடும்போது கையை முறிக்கக் கூடாது என்பதற்காக. அதனால் நல்ல ரோட்டில் நீங்கள் திருப்புகிற முதல் இரண்டு விரற்கடைக்கு ஒன்றும் நடக்காது. நடக்கவில்லையே என்று இன்னும் திருப்பினால் கூடப் போய்விடும். பிறகு மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். அதுவும் கூடப் போகும். வயலுக்கென்று நீங்கள் போட்ட பெரிய ரயரும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

இதைச் செய்த கம்பனிக்கு விளக்கமாக எழுதலாம் என்று இருக்கிறேன். பிழை அவர்களுடையது. வேறு ஒருவருடையதும் இல்லை. இதை மாமியிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒருவரிலும் பிழை இல்லை என்று நான் எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
மதுசன்


திருகோணமலை.
26 செப்டெம்பர் 2024

அன்புள்ள மருமகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தேன். மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். "ஒருவரிலும் பிழை இல்லை" என்ற இடம் வந்ததும் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா. இப்போது கொஞ்ச நாளாக ஆளிடம் கதை குறைவு. கை நோவாக்கும்.

ஜெற்றிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உங்கள் விளக்கத்தை எடுத்துச் சொன்னேன். அங்கு வருகிறவர்கள் லொறிக்காரர். எல்லாருக்கும் வாய் நீளம். "அண்ணை, இத்தனை வருசமா நீங்க அதே ஜீப்பில கிளிவெட்டி வயலுக்குப் போய் வாறீங்கள். அப்ப எல்லாம் கம்பனிக்காரன்ட பிழை எங்க போனது?" என்றான் ஒருவன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றான் இன்னொருவன், என் காதுக்குக் கேட்கிற மாதிரி உரத்து. எனக்கு முகம் எரிந்தது. என் மகளின் புருசனை என் முன்னாலேயே நெளிக்கிறார்கள்.

அப்போது கடைக்காரன் கேட்டான், கடைசியாக அந்த ஸ்ரியரிங்கில் கை வைத்தது ஆர் என்று. கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கிற நௌபர் என்றேன். திருவிழாவுக்கு முதல் மாதம் அவன்தான் ஸ்ரியரிங் பெட்டியைக் கழற்றிப் பூட்டினவன். நான் பெயரை மட்டும்தான் சொன்னேன், மருமகன். மிச்சத்தை அவர்களே கதைத்துக்கொண்டார்கள். உங்களைப் பற்றிய கதை அத்தோடு நின்றது.

உடம்பைப் பாருங்கள். மகளுக்கு ஒடியல் மா அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா


திருகோணமலை.
21 ஒக்டோபர் 2024

அன்புள்ள மருமகன் அவர்களுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கல்லூரியில் சோதனைக் காலமோ? ஒடியல் மா கிடைத்ததோ? மாமிக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. ஆனால் கரண்டி பிடிக்க இன்னும் ஏலாது.

ஒரு செய்தி எழுத வேண்டும். போன கிழமை நௌபர் வீட்டுக்கு வந்தான். அவனை உங்களுக்குத் தெரியும், உங்கள் கலியாணத்துக்கு முதல் நாளே வந்து பந்தலுக்கு லைற் பூட்டினவன். என்னிலும் இளமை என்றாலும் என் சிநேகிதர்களில் அவனைப் போல ஒருவன் இல்லை. உள்ளுக்கு வரவில்லை. வளவுக்குள் நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை, என்ட வேலையிலதான் பிழை வந்திருக்கும். மாப்பிள்ளையில பிழை இல்ல. கேக்கிற ஆக்களுக்கு அப்படியே சொல்லுங்க," என்றான்.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அவனே ஒத்துக்கொண்டுவிட்டான், இனி யார் என்ன சொல்ல இருக்கிறது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் நேற்றுக் கேள்விப்பட்டேன், மீன் ஏற்றுகிற லொறிகள் ஒன்றும் இப்போது அவன் கராஜுக்குப் போவதில்லையாம். பிறேக்கும் ஸ்ரியரிங்கும் உயிர் விஷயம், தவராசா அண்ணையின் குடும்பத்தையே கவிழ்த்தவனிடம் எப்படிக் கொடுப்பது என்கிறார்களாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

நௌபர் வந்த அன்று மாமி முழு நாளும் அறையை விட்டு வெளியில் வரவில்லை.

பதிலை எதிர்பார்த்து,
மாமா


பதுளை.
2 நவம்பர் 2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். சோதனை ஒன்றும் இல்லை. நாலைந்து தரம் எழுதிக் கிழித்தேன். மாமியின் கை எப்படி?

நௌபர் நானாவில் ஒரு பிழையும் இல்லை. எப்படித் தெரியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் பூட்டிய பெட்டி சரியாகத்தான் இருந்தது. நான் கம்பனியைச் சொன்னது, கம்பனி எங்கோ கடல் கடந்து இருக்கிறது, அதற்கு நோகாது என்ற நினைப்பில். என் சொல்லை எடுத்து நீங்கள் கிண்ணியாவில் இருக்கிற மனிதரின் தலையில் வைப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் செப்டெம்பர் கடிதம் வந்தபோதே மறுத்து எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இருந்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒன்று செய்யுங்கள். தேத்தண்ணிக் கடையில் போய்ச் சொல்லுங்கள், என் மருமகனுக்குப் படிப்பிக்கத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது என்று. ஜீப்பை வாய்க்காலுக்குள் விட்டது அவன்தான் என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மதுசன்


திருகோணமலை.
12 நவம்பர் 2024

அன்புள்ள மருமகன் அவர்களுக்கு,

வாடை மழை பிடித்துவிட்டது. நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

நீங்கள் கேட்டதைச் செய்ய என்னால் ஏலாது. என் மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது என்று என் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டு, அடுத்த நல்லது கெட்டதுக்கு உங்களை எந்த முகத்தோடு முன்னுக்குக் கூப்பிடுவது? உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசிக்கவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆனால் நீங்கள் உங்களையே குற்றம் சொல்லி எழுதிய பிறகு நான் மூடி வைத்திருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. ஜீப்பைத் திருப்பித் தந்தபோது நௌபர் சொன்னவன்: "அண்ணை, பெட்டி நல்லாயிருக்கு. ஆனா இந்தப் பெரிய ரயரோட இது றோட்டில கொஞ்சம் அலையும். அது அதின்ட குணம். விட்டா தானா நேராகும். இறுக்கிப் பிடிச்சுச் சண்டை பிடிச்சா கூடத்தான் ஆடும். ஓட்டுற ஆளிட்டச் சொல்லுங்க." ரயர் வேண்டாம் என்றும் அவன்தான் சொன்னவன். நான்தான் வயல் சேற்றுக்கு வேண்டும் என்று நின்றேன்.

உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்துக்கொண்டு, மோட்டார் படிப்பிக்கிற மாப்பிள்ளையிடம், இப்படிப் பிடியுங்கள் அப்படிப் பிடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? மரியாதை இல்லையே. அதனால் விழுங்கிவிட்டேன். நௌபர் சொல்லச் சொன்னதையும் சொல்லாமல், நௌபரின் பெயரையும் சொன்னவன் நான். வெட்கக்கேடு.

தவராசா


பதுளை.
24 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அங்கு வெள்ளம் என்று செய்தியில் சொல்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணி வந்ததோ? அப்பாவைச் சமைக்க விட்டுவிட்டு இருக்காதீர்கள், இரண்டு பேரும் மெலிந்து போவீர்கள்.

அப்பாவும் இவரும் எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதுகிறார்களாம். தபால்காரன் என் கையில்தானே தந்துவிட்டுப் போகிறான்! நான் வாசிக்கிறதில்லை. ஆனால் வாசித்த பிறகு இவர் இருக்கிற இருப்பு எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கோப்பையை ஸ்ரியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பிப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை.

அம்மா, நான் நித்திரை. அப்பாவுக்குக் காது கேளாது. முன்னுக்கு இருந்தது நீங்களும் இவரும்தான். இவர் சொல்ல மாட்டேன் என்கிறார். நீங்கள் தொலைபேசிக்கே வருவதில்லை. நௌபர் மாமாவின் கராஜ் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்று அம்ரா சொன்னாள். அவள் அவருடைய மகள், என்னோடு படித்தவள். இதைச் சொல்லிவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

அன்று முன் சீற்றில் என்ன நடந்தது?

உங்கள் மகள்,
நிரோஜினி


திருகோணமலை.
6 டிசம்பர் 2024

மருமகனுக்கு,

நான் பாக்கியரத்தினம் எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தரம். எழுத்துக் கோணலாக இருக்கும். கை இன்னும் சரியாக மடங்காது. நீங்களும் பிள்ளையும் சுகமாயிருக்க வெருகல் முருகனை வேண்டுகிறேன். அவரிடம் கேட்கவும் வெட்கம்தான்.

மகள் கேட்டு எழுதியிருந்தாள். அவளுக்கு எழுத முதல் உங்களுக்கு எழுத வேண்டும்.

அன்று கிளிவெட்டி தாண்டினதும் ஜீப் ஆடத் தொடங்கியது. நீங்கள் இடமும் வலமும் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் முகம் வேர்த்திருந்தது. ஆனாலும் ரோட்டில்தான் போனது. ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு வந்தீர்கள், அதையும் கண்டேன். அப்போது லொறி வந்தது. முருகா என்று கத்திக்கொண்டு ஸ்ரியரிங்கை எட்டிப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். சில்லு வாய்க்கால் கரையில் அடித்ததும் ஸ்ரியரிங் சுழன்று என் கையை முறித்தது. சீற்றில் அடிபட்டு முறிந்தது என்று ஆஸ்பத்திரியில் நான்தான் சொன்னேன். பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஓம் என்று தலையாட்டினீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், இன்று நீங்கள் சொல்லுவீர்கள், நாளை சொல்லுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். பிறகு, நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்ததும் அதைவிடக் கூடப் பயம் வந்தது. இனி நான்தானே சொல்ல வேண்டும். நௌபர் தம்பி வளவுக்குள் வந்து நின்ற அன்று நான் யன்னலுக்குப் பின்னால் நின்றேன். வெளியில் வந்து ஒரு வசனம் சொன்னால் முடிந்திருக்கும். நான் வரவில்லை. இந்த வயதில், மருமகன் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் ஸ்ரியரிங்கை மாமி பிடித்து இழுத்தாளாம் என்று ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிப்புக்குப் பயந்து ஒருவனின் பிழைப்பில் மண் போட்டேன்.

நேற்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். காது கேளாததால் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பாக்கியரத்தினம்


பதுளை.
13 டிசம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

கை நோக நோக எழுதியிருக்கிறீர்கள். இனி எழுதி வருத்த வேண்டாம், நான் நேரில் வருகிறேன்.

நீங்கள் பயத்தில் பிடித்தீர்கள். உங்களைப் பயப்பட வைத்தது என் ஓட்டம். அதனால் நான் சொல்லாமல் இருந்ததைப் பெரிய குணமாக எடுக்க வேண்டாம். முதல் நாள் உங்களுக்காகத்தான் வாயை மூடினேன். பிறகு அப்படி மூடியிருப்பதில் எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. மாமியைக் காப்பாற்றுகிற மருமகன்! அந்தப் பெருமையில் நௌபர் நானாவை மறந்துவிட்டேன். எனக்கு வெட்கம் எல்லாம் அதில்தான்.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கிண்ணியாவுக்குப் போவோம். அதுவரைக்கும் பொறுத்திருங்கள்.

மதுசன்


திருகோணமலை.
28 டிசம்பர் 2024

அன்புள்ள மருமகன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமி பொங்கல் வரைக்கும் பொறுக்கவில்லை. பொறுத்தது போதும் என்று சீலையை மாற்றிக்கொண்டு நின்றா. நானும் வெளிக்கிட்டேன்.

முதலில் தேத்தண்ணிக் கடை. மாமி கடை வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னா. நானும் சொன்னேன், நௌபரில் பிழை இல்லை, அவன் எச்சரித்ததை மருமகனிடம் சொல்லாதது என் பிழை என்று. லொறிக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அண்ணைக்கும் அக்காவுக்கும் பெரிய மனசு. நௌபரின்ட பிழைப்பு போயிடும் எண்டு தங்கட தலையில தூக்கிப் போடுகினம்," என்றான் கடைக்காரன். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். நாங்கள் சொன்ன பொய்யை ஒரே நாளில் நம்பினவர்கள். உண்மையை எவ்வளவு சொன்னாலும் நம்புகிறார்கள் இல்லை. ஒருவன் எங்களுக்குத் தேத்தண்ணியும் வாங்கித் தந்தான்.

பிறகு பஸ் எடுத்துக் கிண்ணியாவுக்குப் போனோம். கராஜில் ஒரு முச்சக்கரவண்டி மட்டும் நின்றது. நௌபர் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கதிரை எடுத்துப் போட்டான். அவன் மனைவி றஹ்மா வந்து மாமியின் கையைப் பிடித்துப் பார்த்தா. மாமி அழுது அழுது சொன்னா. முடிந்ததும் நௌபர், "அக்கா, பயத்தில செய்ததுக்கு என்ன? அத விடுங்க," என்றான். முகத்தில் கோபம் இல்லை. எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நினைத்தேன்.

"நௌபர், ஜீப்பை நாளைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வாறன். நீதான் செய்து தர வேணும்," என்றேன்.

"வேணாம் அண்ணை. வேற கராஜில குடுங்க."

"கோபமோ?"

"கோபம் இல்ல. நிரோ எனக்கும் பிள்ளைதான். அவவின்ட புருசன் பேர் கெடக் கூடாது எண்டுதான் அண்டைக்கு உங்கட வளவுக்க வந்து, என்ட பிழை எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு நிண்டன். இல்ல நௌபர், உன்ட கையில பிழை வராது எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லுவீங்க எண்டுதான் நிண்டன். எனக்குக் கேட்டாப் போதும், ஊருக்குக் கேக்கத் தேவையில்ல. நீங்க, 'சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ' எண்டீங்க."

ஓம் மருமகன். அப்படித்தான் சொன்னனான்.

தவராசா